பரும்படிப் படங்களின் அரசியல்: பொத்துவிலை முன்னிறுத்திய சில குறிப்புகள்

ஒரு நாட்டின் மக்கட் பரம்பலையும் அதன் போர்முறை முக்கியத்துவத்தையும் ஐந்தாறு கோடுகளில் விளக்கிக்காட்டும் பரும்படிப் படம் நமது அரசியல் எழுத்தில் நெடுங்காலமாக வழக்கிலுள்ளது. துண்டுப்பிரசுரத்தின் அட்டை, மாநாட்டுப் பதாகை, பத்திரிகைக் கட்டுரையின் நடுப்பக்கம், உயர்தர வகுப்பு மாணவனின் பயிற்சிக் கொப்பி ஆகிய எங்கும் அதனைக் காணலாம். எனினும், கட்டுரையின் சொற்களை வரிவரியாக எடுத்து ஆராயும் திறனாய்வாளர், அக்கட்டுரையோடு வரும் படத்தை ஐயத்துக்கிடமற்ற சான்றென ஏற்றுக் கடந்துவிடுவதே வழமை. படமும் ஓர் ஆக்கமே. அதற்கும் ஆசிரியன் உண்டு. அவன் முன்னே ஒரு வாசகர் கூட்டம் உண்டு. சொல்லப்பட்டவை போலவே சொல்லாது விடப்பட்டவையும் உண்டு. நாம் புவியியல் கற்றவரல்லோம். ஆயினும், ஓர் ஆக்கத்தை அதன் சமூக அடித்தளத்தோடு சேர்த்து வாசிக்கும் பயிற்சி இவ்விடயத்தில் பயன்படாது போகாது என்னும் துணிவில் இக்குறிப்புகளை எழுதுகின்றோம்.

இவ்வடிவத்தின் வரலாற்றில் முற்போக்காளர் மறக்கலாகாத பெயர் ஜே. எவ். ஹொராபின். ஆங்கிலத் தொழிலாளர் கல்வி இயக்கத்தைச் சேர்ந்த இவர், தொழிலாளர் வகுப்புகளுக்கென 1926இல் பிளெப்ஸ் அற்லஸ் என்னும் படத்தொகுதியையும், 1934இல் நடப்பு விவகாரங்களுக்கான அற்லஸ் ஒன்றையும் வெளியிட்டார். ஜவஹர்லால் நேரு சிறையிலிருந்து மகளுக்கு எழுதிய உலக வரலாற்றுக் கடிதங்களின் 1939ஆம் ஆண்டுப் பதிப்புக்குப் படம் வரைந்தவரும் இவரே. கறுப்பு மையில் தடித்த கோடுகள். ஒரு படத்துக்கு ஒரு செய்தி. வாசகனின் கண் அலையாதபடி பிற யாவும் நீக்கம். எண்ணெய்க் கிணறு எங்கே, குழாய் எந்தத் துறைமுகத்தை நோக்கிச் செல்கின்றது, அத்துறைமுகம் யார் கையில் இருக்கின்றது என்பதை, நான்கு வருடங்கூடப் பாடசாலை செல்லாத ஒரு தொழிலாளி ஒரே பார்வையில் கண்டுகொள்வான். ஏகாதிபத்தியம் என்ற சொல்லை விளக்கப் பத்துப் பக்கம் எழுதுவோர்க்கு ஹொராபினின் அரைப் பக்கப் படம் நாணத்தைத் தரக்கூடியது.

இவரது படங்களின் ஆற்றல் அவற்றின் விடுபாட்டில் தங்கியுள்ளது என்று பலரும் கூறுவர். அது அரை உண்மை. எல்லாப் பரும்படிப் படங்களும் பலவற்றை விடுகின்றன. ஹொராபின் எதனை விடாது வைத்திருந்தார் என்பதே கவனிக்கத்தக்கது. பாதை, குழாய், கால்வாய், கப்பல் வழி, நிலக்கரிப் படுக்கை ஆகியவற்றை, அதாவது உழைப்பும் பண்டமும் செல்லும் வழிகளை, அவர் முதன்மைப்படுத்தினார். எல்லைக்கோடு அவரிடம் இரண்டாம் இடத்தையே பெற்றது. நமது நாட்டில் இதே வடிவம் பயின்ற விதமோ வேறு. இங்கு எல்லைக்கோடே படமாயிற்று. அதன் உட்புறம் ஒரு நிறத்தால் நிரப்பப்பட்டது. பெனடிக்ற் அண்டர்சன், காலனித்துவப் படம் இலச்சினையாக மாறுவதைப் பற்றிக் கூறியவை இங்கு நினைவுக்கு வருகின்றன. இலச்சினையில் ஊரும் இல்லை, ஆறும் இல்லை. உருவம் மட்டும் உண்டு. அதனைக் கொடியிலும் ஒட்டலாம், முத்திரையிலும் பதிக்கலாம்.

புவியியல் முதலிற் பயன்படுவது போர் செய்வதற்கே என்று 1976இல் தமது நூலுக்குப் பெயரிட்டார் பிரெஞ்சு அறிஞர் ஈவ் லகோஸ்ற். மிகைக்கூற்றுப் போலத் தோன்றும் இதற்கு இலங்கையிலேயே பழைய சான்று உண்டு. 1660இல் கொட்டியாரக் கரையில் பிடிபட்டு, பத்தொன்பது ஆண்டுகள் கண்டி இராச்சியத்திற் சிறையிருந்து தப்பிய றொபேட் நொக்ஸ், 1681இல் தமது நூலை அந்த இராச்சியத்தின் படமொன்றோடு வெளியிட்டார். உள்நாட்டை ஐரோப்பிய வாசகருக்குக் கோடுகளில் விளக்கிய அந்தக் கைதி, கிழக்கிந்தியக் கம்பனியின் கப்பலில் வந்தவர். அடுத்த நூற்றாண்டின் முடிவில் கம்பனியும் வந்து சேர்ந்தது.

இனிப் பொத்துவிலுக்கு வருவோம். இவ்வூரைத் தேர்ந்தமைக்குக் காரணம், இலங்கையின் மக்கட் புவியியலை விளக்க முற்படும் ஏறக்குறைய எல்லாப் படங்களிலும் அது ஒரு நுனியாக இடம்பெறுவதேயாகும். தமிழ் பேசும் மக்களின் வாழிடத்தைக் காட்டும் படத்தில் அது தென்கோடி. கல்முனை, நிந்தவூர், அட்டாளைச்சேனை, அக்கரைப்பற்று எனக் கரையோரமாக வரும் முஸ்லிம் ஊர்களின் வரிசையைக் காட்டும் படத்திலும் அதுவே இறுதிப் புள்ளி. இராணுவப் படத்தில் அது கிழக்குக் கரையின் வாயில். ஆனால் ஊருக்குள் நின்று நோக்குவோர்க்குப் பொத்துவில் நுனியாகத் தோன்றுவதில்லை. கொழும்பிலிருந்து இரத்தினபுரி, வெல்லவாய, மொனறாகலை வழியாக வரும் ஏ-4 நெடுஞ்சாலை இங்கு வந்து கடலைக் கண்டு வடக்கே திரும்பி அக்கரைப்பற்றுக்கும் கல்முனைக்கும் செல்கின்றது. தெற்கே அறுகம்குடா, பாணமை, உகந்தைமலை. ஆண்டுதோறும் வடக்கிலிருந்து கால்நடையாக வரும் கதிர்காம யாத்திரிகர் இவ்வூரைக் கடந்துதான் காட்டுக்குள் நுழைகின்றனர். மேற்கே லகுகலக் காட்டைத் தாண்டினால் வெல்லஸ்ஸ. நெடுஞ்சாலைக்கு முந்திய காலத்தில் உப்பும் கருவாடும் துணியும் ஏற்றிய தவள மாடுகளோடு கரையோர முஸ்லிம்கள் ஊவாவுக்கு ஏறிச்சென்று, பாக்கும் பிற மலைநாட்டுப் பண்டங்களும் கொண்டு மீண்டனர். வெல்லஸ்ஸவில் முஸ்லிம் வணிகரைத் தனி முகாந்திரம் ஒருவரின்கீழ்ப் பிரித்து வைக்க ஆங்கிலேயர் செய்த ஏற்பாடு 1817-18 கிளர்ச்சிக்கான காரணங்களுள் ஒன்றாக வரலாற்றாசிரியராற் கூறப்படுவதையும் இங்கு நினைத்துக்கொள்ளலாம். சுருங்கக் கூறின், ஹொராபின் இக்கரையை வரைந்திருப்பாராயின் பொத்துவில் ஒரு சந்தியாக வந்திருக்கும். நமது அரசியற் படம் அதனை வால்நுனியாக்கிற்று.

இந்த வால்நுனி எவ்வாறு தோன்றியது? 1799இல் ஹியூ கிளெகோண் எழுதிய அறிக்கை, தீவினை இரு இனத்தார் பகிர்ந்து வாழ்வதாகவும், சிலாபத்தையும் வளவை ஆற்றையும் எல்லையாகக் கொண்ட தெற்கும் மேற்கும் ஒருவருக்கும், வடக்கும் கிழக்கும் மற்றவருக்கும் உரியனவெனவும் கூறிற்று. 1833இல் ஆங்கில ஆட்சி நாட்டை ஐந்து மாகாணங்களாக்கியது. 1976ஆம் ஆண்டின் வட்டுக்கோட்டைத் தீர்மானம் கிளெகோணின் சொற்களை எடுத்தாண்டது. அடுத்த ஆண்டின் தேர்தல் விஞ்ஞாபனம் கிழக்கே குமணையையும் கும்புக்கன் ஓயாவையும் தென்னெல்லையாகக் குறித்தது. அந்நிய ஆட்சியை எதிர்த்தெழுந்த தேசியம் தன் தாயகத்தின் எல்லையை அந்நிய உத்தியோகத்தன் ஒருவனின் குறிப்பிலிருந்து பெற்றுக்கொண்டது வரலாற்றின் முரண்நகையன்றி வேறென்ன? தமிழ்த் தேசியத்தை மறுக்க விரும்பும் பேரினவாத அறிஞர்களும் இதே விடயத்தை எடுத்துக்காட்டுவர். அவர்களோடு நமக்கு உடன்பாடில்லை. ஏனெனில் அவர்களது ஒற்றையாட்சிப் படமும் அதே ஆட்சியின் அளவைச் சங்கிலியால் அளக்கப்பட்டதே. பருத்தித்துறை முதல் தெய்வேந்திரமுனை வரை என்று அவர்கள் முழங்கும்போது, இடையிலுள்ள மக்கள் அனைவரும் ஒரு நிறமாகக் கரைந்துபோகின்றனர்.

1949இல் தொடங்கிய கல்லோயாத் திட்டம் இப்படங்கள் யாவற்றையும் மாற்றி வரைந்தது. பட்டிப்பளை ஆற்றை இங்கினியாகலையில் மறித்து எழுந்த நீர்த்தேக்கமும் அதன்கீழ்க் கொலனிகளும், 1961இல் மட்டக்களப்பிலிருந்து பிரித்தெடுக்கப்பட்ட அம்பாறை மாவட்டமும், 1978 யாப்பின்கீழ் அதே நிலப்பரப்புக்குத் தேர்தல் மாவட்டமாக வழங்கப்பட்ட திகாமடுல்ல என்ற பெயரும் ஒரே செய்கையின் மூன்று கட்டங்கள். மகாவலித் திட்டத்தின் தெகியத்தகண்டியும் பின்னர் இம்மாவட்டத்தோடு சேர்க்கப்பட்டது. 2012 குடித்தொகைக் கணிப்பின்படி மாவட்டத்தில் ஐந்தில் இரண்டு பங்குக்கு மேற்பட்டோர் முஸ்லிம்கள். சிங்களவர் அதற்குச் சற்றுக் குறைவு. தமிழர் ஏறக்குறைய ஆறில் ஒரு பங்கினர். ஆனால் பிரதேசவாரியாக நிறந்தீட்டிய படத்தைப் பார்ப்பவன் காண்பது வேறு. மேற்கே விரிந்து கிடக்கும் காடும் குளமும் கொலனியும் ஒரே நிறத்தாற் படத்தை நிறைக்கின்றன. கடலுக்கும் வயலுக்குமிடையே வீட்டோடு வீடு நெருங்கி மக்கள் வாழும் கரையோரப் பட்டியோ பென்சில் நுனியின் அகலத்துக்குள் அடங்கிவிடுகின்றது. ஏக்கருக்கு நிறமிட்டவன் மனிதருக்கு நிறமிட்டதாக நம்பவைக்கின்றான். மேலும், கரையோரத்தில் உறங்கும் விவசாயியின் வயல் மேற்கே வேறொரு பிரதேசச் செயலகத்தின் எல்லைக்குள் கிடப்பது இப்பகுதியிற் சாதாரணம். வீட்டுக்கும் வயலுக்கும் நடுவே அவன் நாள்தோறும் கடக்கும் கோடு, படத்தில் இரு இனங்களைப் பிரிக்கும் கோடாக நிற்கின்றது.

விகிதாசாரப் படம் எவ்வளவு கொடியதாகலாம் என்பதற்கு அக்கரைப்பற்றை அடுத்த நுரைச்சோலை சான்று. 2004 கடற்கோளில் வீடிழந்தோருக்கெனச் சவூதி அரேபிய உதவியில் அங்கு 500 வீடுகள் எழுந்தன. தீகவாபியை அண்டிய நிலத்தில் முஸ்லிம்களைக் குடியேற்றுவதற்கு எதிராக வழக்குத் தொடரப்பட்டது. ஒரு சமூகத்தவருக்கு மட்டும் அவற்றை ஒதுக்கலாகாது என்னும் உயர் நீதிமன்றத் தீர்ப்பு 2009இல் வந்தது. வீடுகள் நெடுங்காலம் பூட்டியே கிடந்து, புதர் மண்டின.

நிறந்தீட்டும் படத்துக்கு மாற்றாகப் புள்ளியிடும் படமொன்றும் இக்கரையில் தோன்றியது. 1987 ஒப்பந்தத்தின் பின் வடக்கும் கிழக்கும் இணைக்கப்பட்டபோது, தமது சம்மதம் கேட்கப்படாமையை உணர்ந்த முஸ்லிம் அரசியல், எம். எச். எம். அஷ்ரப்பின் தலைமையில், நிலத்தொடர்பற்ற முஸ்லிம் மாகாணம் என்ற கோரிக்கையை முன்வைத்தது. காரைக்கால், மாஹே, ஏனாம் ஆகியன தொலைவிற் கிடந்தும் புதுச்சேரியோடு ஒன்றாகும் முறை அதற்கு முன்மாதிரியாயிற்று. பின்னர், 1990களின் அதிகாரப் பகிர்வு வரைவுகளில் கல்முனை, சம்மாந்துறை, பொத்துவில் தொகுதிகளைக் கொண்ட தென்கிழக்கு அலகாக அது சுருங்கிற்று. வடிவம் என்ற அளவில் முந்தியது துணிச்சலானது. ஒரு மக்கள் கூட்டம் ஒரே துண்டு நிலத்தில்தான் இருத்தல் வேண்டும் என்ற இலச்சினைப் படத்தின் இலக்கணத்தையே அது மறுத்தது. அதனைத் தமிழ் அறிவாளர் பலர் நகைத்து ஒதுக்கினர். 1990இல் காத்தான்குடிப் பள்ளிவாசல்களிலும் வடக்கிலிருந்து முஸ்லிம்கள் வெளியேற்றப்பட்ட பாதைகளிலும் நடந்தவற்றின் பின், நகைப்பதற்கான உரிமை நமக்கு இருந்ததா என்பதை நாமே கேட்டுக்கொள்ள வேண்டும். எனினும் புள்ளிப் படத்தின் குறையையும் கூறாமல் விடலாகாது. ஒவ்வொரு புள்ளிக்குள்ளும் போடியாரும் கூலியாளும் இருந்தனர். அவ்வேறுபாடு அதில் விழவில்லை. இன்று கல்முனையில் வடக்குப் பிரதேசச் செயலகம் பற்றியும், சாய்ந்தமருதின் தனிச்சபை பற்றியும் எழும் பிணக்குகள் அதே புள்ளிகளை மேலும் சிறிய புள்ளிகளாக்கும் முயற்சியாகவே தோன்றுகின்றன.

படம் எப்பொழுதும் தாளிலேயே வரையப்பட வேண்டுமென்பதில்லை, சொல்லிலும் வரையலாம். தமிழில் அதற்கு நீண்ட மரபுண்டு. தொல்காப்பியப் பாயிரம் வேங்கடத்தையும் குமரியையும் கூறி ஓர் உலகை வரைந்துவிட்டது. 2021 பெப்ரவரி 3ஆந் திகதி தொடங்கி 7ஆந் திகதி முடிவுற்ற மக்கள் நடையின் பெயரும் இத்தகைய சொற்படமே: பொத்துவில் முதல் பொலிகண்டி வரை. இதிலுள்ள மோனையைக் கவனிக்க வேண்டும். வடமுனைக்குப் பருத்தித்துறை என்ற பழகிய பெயர் இருக்கவும் வடமராட்சியின் ஒரு கரையோரக் கிராமம் தெரிந்தெடுக்கப்பட்டமைக்கு முதலெழுத்தின் ஒப்புமையும் ஒரு காரணமாகலாம். யாப்பு எல்லை வகுத்த விநோதம் இது. நடை தொடங்கிய ஊரோ பெரும்பான்மையாக முஸ்லிம்கள் வாழும் ஊர். 2020 ஏப்ரிலில் வெளியான வர்த்தமானி, கொவிட் நோயால் இறந்தோரை எரிப்பதைக் கட்டாயமாக்கியிருந்தது. ஜனாசாவை எரிப்பதற்கு எதிரான குரல், காணாமலாக்கப்பட்டோரின் தாய்மாரது குரலோடும் காணி பறிகொடுத்தோரது குரலோடும், தோட்டத் தொழிலாளரின் 1000 ரூபாச் சம்பளக் கோரிக்கையோடும் ஒரே பட்டியலில் வந்தது. முஸ்லிம்கள் வழியெங்கும் இணைந்துகொண்டனர். இங்கேதான் முரண்பாடு முனைப்பாகத் தெரிகின்றது. இரு முனைகளைப் பெயரிட்ட படத்தில் மலையகத் தோட்டம் இல்லை. ஆனால் அதன் சம்பளம் கோரிக்கையில் இருந்தது. நடந்தோரின் அரசியல் அவர்கள் சுமந்த பதாகையிலுள்ள படத்தைக் காட்டிலும் விரிந்ததாயிருந்தது. அம்மாத இறுதியில் அடக்கத்துக்கு அனுமதி வழங்கப்பட்டது. மார்ச்சில் ஓட்டமாவடியில் முதல் ஜனாசாக்கள் அடக்கஞ் செய்யப்பட்டன. நடை மட்டுமே இதனைச் சாதித்தது என்று கூறுவது மிகையாகும். வெளிநாட்டு அழுத்தமும் இருந்தது.

இதுவரை இனத்தின் பெயரால் வரையப்பட்ட படங்களைக் கண்டோம். மூலதனத்தின் படத்தை நாம் போதிய அளவு ஆராய்ந்ததில்லை. 2004 டிசெம்பர் 26ஆந் திகதிக் கடற்கோளின் பின் அரசு கரையோரமெங்கும் ஒரு கோடு வரைந்தது. தெற்கிலும் மேற்கிலும் கடலிலிருந்து 100 மீற்றர். வடக்கிலும் கிழக்கிலும் 200 மீற்றர். அதற்குள் வீடு கட்டலாகாது. பாதுகாப்பின் பெயரால் வந்த இக்கோடு மீனவனின் வாடியையும் வீட்டையும் விலக்கிற்று. உல்லாச விடுதிகளுக்கோ விலக்களித்தது. அறுகம்குடாவுக்கென வரையப்பட்ட அபிவிருத்தித் திட்டத்தில் மீனவக் குடிசைகள் இருந்த கரை, விடுதிகளின் கரையாகக் காட்சியளித்தது. நயோமி க்ளைன் 2007இல் வெளியிட்ட நூலில் இவ்வூரைப் பற்றித் தனி அத்தியாயம் எழுதியமைக்கு இதுவே காரணம். அலை அழித்ததைப் படம் வெற்றிடமெனக் காட்டிற்று. கோடு பின்னர் தளர்த்தப்பட்டது. ஆனால் கரையிலிருந்து ஒருமுறை தூக்கப்பட்டவன் திரும்பிவந்து அதே இடத்தில் வாடி போடுவது எளிதன்று.

பொத்துவிலுக்குத் தெற்கே பாணமையில், பேரினவாதப் படத்தின்படி தமக்கெனவே நிறந்தீட்டப்பட்ட நிலத்தில் வாழ்வோராகக் கருதப்பட்ட சிங்கள விவசாயிகளுக்கு நேர்ந்ததையும் இதனருகே வைத்து நோக்கவேண்டும். 2010 ஜூலையில் ராகம்வெல, சாஸ்திரவெல முதலான இடங்களிலிருந்து அவர்கள் வன்முறையாக வெளியேற்றப்பட்டனர்; குடிசைகள் எரியூட்டப்பட்டன. அந்நிலத்தில் முகாம்கள் வந்தன. கடற்படையின் உல்லாச விடுதியும் வந்தது. 2015இல் காணியை விடுவிக்க அமைச்சரவை தீர்மானித்தபின்பும் அம்மக்கள் போராடிக்கொண்டே இருக்க நேர்ந்தது. பொத்துவில் ஊருக்குள்ளோ, முகுது மகா விகாரையைச் சூழ்ந்த நிலத்தில் தொல்லியற் கோடு முஸ்லிம் குடும்பங்களின் முற்றத்துக்குள் வருகின்றது. 2020 ஜூனில் கிழக்கின் தொல்லியல் மரபுக்கென அமைக்கப்பட்ட செயலணிக்குப் பாதுகாப்புச் செயலாளரே தலைவரானார். ஒரே கரையில் பத்துப் பன்னிரண்டு மைல் இடைவெளியில் இவ்விரு நிகழ்ச்சிகள். இனப் படத்தில் இவற்றை ஒருங்கே குறிக்க முடியாது; ஒன்றைக் குறித்தால் மற்றது மறைந்துவிடும்.

குறிக்கப்படாத இடங்களுள் இன்னொன்று. 2006 செப்டெம்பரில், பொத்துவிலுக்கு அப்பால் ஒரு குளத்தின் திருத்த வேலைக்குச் சென்ற 10 முஸ்லிம் தொழிலாளர் வெட்டிக் கொல்லப்பட்டனர். அரசு புலிகளைக் குற்றஞ்சாட்டியது. ஊரார் விசேட அதிரடிப் படையைக் குற்றஞ்சாட்டினர். போர்முறைப் புவியியலின் படங்களில் அப்பகுதி முகாமுக்கும் காட்டுக்கும் இடைப்பட்ட வெறும் இடம். அதில் குளம் இருந்ததும், குளத்துக்கு அணைகட்ட ஆட்கள் சென்றதும், அவர்கள் நாட்கூலிக்குச் சென்றவர்கள் என்பதும் படத்துக்கு வேண்டாதவை.

நமது அணியினரின் குறையைக் கூறாது இக்குறிப்புகளை விடுவது நேர்மையாகாது. இலங்கை இடதுசாரிகளின் மனத்திலிருந்த படத்தில் கொழும்புத் துறைமுகம் இருந்தது, புகையிரதப் பாதை இருந்தது, தோட்டங்கள் இருந்தன. கிழக்குக் கரை அதில் பெரும்பாலும் வெறுமையே. பிலிப் குணவர்தனாவின் 1958ஆம் ஆண்டு நெற்காணிச் சட்டம் இக்கரையின் போடிமாரை நேரே தொட்ட சட்டம். போடியார், அவருக்குக்கீழ் வயலைப் பொறுப்பேற்கும் முல்லைக்காரர், நீர் பங்கிடும் வட்டவிதானை, அறுவடைக்கு வரும் கூலியாள் என்ற உறவுமுறையைத் தமிழ், முஸ்லிம் என்ற பேதமின்றி ஒரே அமைப்பாக ஆராயும் வாய்ப்பை அச்சட்டம் தந்தது. (முல்லைக்காரர் என்னும் வழக்குக்கும் திணை முல்லைக்கும் உறவுண்டா என்ற ஆராய்ச்சிக்கு இங்கு இடமில்லை.) வாய்ப்பு நழுவியது. இனத்தின் படம் வரையப்பட்டபோது அதற்கு எதிர்வைக்க நம்மிடம் வேறு படம் இருக்கவில்லை.

அப்படம் எப்படி இருக்கும் என்பதற்கு இரண்டு குறிப்புகள் உள்ளன. ஒன்று நமது துறைக்குள்ளேயே கிடக்கின்றது. திணைக் கோட்பாட்டைச் சமனற்ற பொருளாதார வளர்ச்சியின் வெளிப்பாடாக 1974இல் விளக்கினார் கா. சிவத்தம்பி. நிலத்தை ஆள்பவன் பெயராலன்றி அங்கு நிகழும் தொழிலால் வகுக்கும் முறை அது. பொத்துவிலைச் சுற்றி நெய்தலும் மருதமும் முல்லையும் ஒரு காலை நடையின் தூரத்துள் அமைந்துள்ளன. மூன்றிலும் மூன்று மொழிவழக்கினர் பாடுபடுகின்றனர். மற்றது கல்லோயாவின் வாய்க்கால் வரைபடம். இடதுகரைப் பிரதான கால்வாய், அதன் கிளைகள், வயல் வாய்க்கால்கள். தலைப்பில் இருப்போர் பெரும்பாலும் சிங்களக் கொலனிக்காரர், கடைப்பகுதியில் தமிழர். 1980களின் தொடக்கத்தில், கமநல ஆராய்ச்சி நிலையத்தார் அங்கு விவசாயிகளை வாய்க்கால்வாரியாக அமைப்பாக்கியபோது, தட்டுப்பாட்டுக் காலத்திலும் தலைப்பிலிருந்தோர் கடைப்பகுதிக்கு நீர்விட முன்வந்தனர் என நோர்மன் அப்ஹொஃப் 1992இல் வெளியிட்ட நூலில் விரித்துரைத்துள்ளார். அவரது நோக்கில் அது நல்லெண்ணத்தின் வெற்றி. உதவி நிறுவனங்களின் மொழி அது. நமக்கு அதில் முழு உடன்பாடில்லை. குடியேற்றத்தின் அநீதி அந்த நல்லெண்ணத்தால் அழிந்துவிடவில்லை. அடுத்த பத்தாண்டின் போர் அவ்வமைப்புகளையும் உலைத்தது. ஆனால் வாய்க்கால் படத்தைக் கையில் வைத்திருந்த விவசாயி, தன் வயலுக்குக் கீழே இன்னொருவன் வயல் இருப்பதைக் கண்டான். நிறந்தீட்டிய மாவட்டப் படத்தில் அவன் அதைக் கண்டிருக்க முடியாது. கல்முனைக்கும் அக்கரைப்பற்றுக்கும் மேற்கே அந்த வாய்க்கால்களில் இன்றும் நீர் ஓடுகின்றது. ஒவ்வொரு சிறுபோகத்திலும் கடைப்பகுதிக்கு எத்தனை நாள் நீர் என்ற கணக்கு பயிர்ச்செய்கைக் கூட்டத்தில் பேசப்படுகின்றது.